எப்சன் எல்3250: விளம்பரத்தில் 33, தட்டில் 10

இந்த பிரிண்டரை வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நிமிடத்துக்கு 33 பக்கம் என்றார்களே, எங்கே?" 33 பொய்யில்லை. டிராஃப்ட் தரத்தில் (மையைக் குறைத்து அவசரமாக அடிப்பது), கறுப்பு எழுத்து மட்டும் உள்ள ஏ4 தாளுக்கான உச்ச வேகம் அது. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் முறைப்படி அளந்த கணக்கையும் எப்சனே தருகிறது: கறுப்பில் நிமிடத்துக்கு 10, கலரில் 5. நம்ப வேண்டியது இதைத்தான். ஆனால் பல வீடுகளில் அந்த 10 கூட வருவதில்லை. காரணம் பெரும்பாலும் செட்டிங்.

கலர் வேகம் பாதியாகக் குறைவது, தாள் மேல் ஓடி மை தெளிக்கும் ஹெட்டின் அமைப்பால். கறுப்புக்கு 180 நாசில், அதாவது மை வரும் நுண்துளை. சயான், மெஜந்தா, மஞ்சளுக்குத் தலா 59 தான். கறுப்பு ஒரே ஓட்டத்தில் அடிக்கும் பட்டையை நிரப்பக் கலர் பல தடவை போய்வர வேண்டும். கறுப்பே போதும் என்ற கடிதத்துக்கு 'கிரேஸ்கேல்' டிக் போட்டுவிடுங்கள்.

இந்த செட்டிங்குகளை வேர்டுக்குள் போய் மாற்றினால் அந்த ஒரு தடவைக்குத்தான் நிற்கும். விண்டோஸில் பிரிண்டர்கள் பட்டியலைத் திறந்து, இந்த பிரிண்டரின் 'பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்' போங்கள். பேப்பர் டைப் 'பிளெயின் பேப்பர்' என்றே இருக்க வேண்டும். முன்பு போட்டோ அடித்துவிட்டு அப்படியே விட்டிருந்தால், சாதா தாளிலும் ஹெட் போட்டோ அடிப்பதுபோல் ஊர்ந்துகொண்டிருக்கும். 'கொயட் மோட்' ஆஃப். சத்தத்தைக் குறைக்க அது வேகத்தைத்தான் குறைக்கிறது. குவாலிட்டி 'ஸ்டாண்டர்ட்' போதும். டிராஃப்டில் மை வெளிறும். 12 பாயின்ட் தமிழ் எழுத்து தாங்கும், அதற்குக் கீழே போனால் மெய்யெழுத்தின் புள்ளி தேட வேண்டியிருக்கும். எழுத்தில் வெள்ளைக்கோடு விழுகிறதே என்று சிலர் 'ஹை'யில் வைத்துக்கொள்கிறார்கள். அது நோயை விட்டுவிட்டு வலிமாத்திரை போடுவது. துளை அடைப்பைக் காட்டும் சோதனைத் தாளான நாசில் செக் அடித்துப் பாருங்கள். அதில் கோடுகள் விட்டுப்போயிருந்தால் மட்டும் ஹெட் கிளீனிங் கொடுங்கள், ஒவ்வொரு கிளீனிங்கும் மையைக் குடிக்கும்.

அடுத்து, ஹெட் போகும்போதும் திரும்பும்போதும் அடிக்க வைக்கும் 'பைடைரக்‌ஷனல் பிரிண்டிங்'. டிரைவர் பதிப்பைப் பொறுத்து 'ஹை ஸ்பீட்' என்றும் இருக்கும். இது அணைந்திருந்தால் ஹெட் ஒரு பக்கம் மட்டுமே அடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும். 'போர்ட்ஸ்' பக்கத்தில் இதே மாதிரி பெயரில் உள்ள டிக் வேறு. அது கணினியும் பிரிண்டரும் பேசிக்கொள்வதற்கானது, வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதலில் சொன்ன இருபக்க அச்சை ஆன் செய்த பிறகு அட்டவணையின் செங்குத்துக் கோடுகள் பல்பல்லாகத் தெரிந்தால், 'மெயின்டனன்ஸ்' பக்கத்தில் ஹெட் அலைன்மென்ட் செய்யுங்கள், சரியாகிவிடும்.

ஹெட் நடுப்பக்கத்தில் நின்று நின்று போனால் டேட்டா வந்து சேரவில்லை என்று சந்தேகப்படலாம். இதன் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ரூட்டர் இரண்டு சுவர் தள்ளி இருந்தால், ஸ்கேன் செய்த கனமான பிடிஎஃப் திணறும். பெரிய வேலைக்கு யுஎஸ்பி கேபிளே மேல்.

எல்லாம் சரியாக இருந்தும் பத்து நிமிடம் விடாமல் அடித்த பிறகு திடீரென்று ஆமை வேகமானால் பயப்பட வேண்டாம். உள்ளே சூடு ஏறாமலிருக்க பிரிண்டர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அரை மணி நேரம் சும்மா விடுங்கள், ஆனால் பவரை ஆன் செய்தபடியே. அணைத்துவிட்டால் வேகம் பழைய நிலைக்குத் திரும்பாது. பின்தட்டு பிடிப்பதும் 100 தாள்தான். நிமிடத்துக்குப் பத்து என்றால் தட்டு காலியாவதும் இந்தச் சூட்டு நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். ஒரே மூச்சில் 300 பக்கம் அடிக்க இதை நம்பக் கூடாது.

நாளுக்கு இருபது முப்பது பக்கம், நடுவே பிள்ளைகளின் புராஜெக்டுக்குக் கலர் படம் என்றால் எல்3250 தாராளம். ஒரு கறுப்பு பாட்டில் 4,500 பக்கம் வரும் என்பது எப்சன் கணக்கு. ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர் வேலை என்றால் இதில் செட்டிங் தேடி நேரத்தை வீணாக்காமல் லேசர் வாங்குங்கள். பிரதர் எச்எல்-எல்2321டி நிமிடத்துக்கு 30 பக்கம் வரை தரும், தாளைத் தானே திருப்பி இரு பக்கமும் அடிக்கும். கலரும் வைஃபையும் அதில் கிடையாது.