எழுதியதை யாரிடம் காட்டுவது: வாத்தியாரிடமா, வயல்காரரிடமா, கைபேசியிடமா?

வன்னியில் இருந்துகொண்டு தன் ஊரையும் வாழ்க்கையையும் எழுதுகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். எழுதியதை இன்னும் நல்லதாக்க என்ன வழி என்று கேட்டால் மூன்று பதில் வரும்: தமிழ் வாத்தியாரிடம் திருத்தக் கொடு, விஷயம் தெரிந்த ஆளுக்கு வாசித்துக் காட்டு, ஏஐ செயலியில் போடு. மூன்றும் வேறு வேறு வேலை செய்பவை. என் ஓட்டு இரண்டாவதற்கு. ஏன் என்று சொல்கிறேன்.

வாத்தியாரின் கண் எழுத்தில் நிற்கும். ஆங்கில எழுத்தை அழுத்தித் தமிழ் அடிக்கிறவர்களுக்கு ன, ண, ந மூன்றும் அடிக்கடி இடம் மாறும். ல, ள, ழ இன்னும் மோசம். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்பதும் அவருக்குத்தான் வெளிச்சம். ஆனால் சோதனைத் தாள் திருத்திப் பழகிய கை அது. 'பச்சைப் பசேலென்ற வயல்கள் சூழ்ந்த எழில்மிகு கிராமம்' என்று தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்துத் தருவார். மரியாதைக்காக அதை வெட்டவும் முடியாது.

வயல்காரர் வேறு மாதிரி. 'இரணைமடுக் குளம் நிரம்பியது, விவசாயிகள் சிறுபோகம் விதைத்தார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வாத்தியாருக்கு அதில் பிழை இல்லை. பரந்தன் பக்கம் வயல் செய்கிற ஒருவருக்கு வாசித்தால், "எத்தனை ஏக்கருக்குத் தண்ணி விட்டவை? உங்கட வாய்க்காலுக்குக் கிடைச்சதே?" என்று கேட்பார். காலபோகம் மாரி மழையில் விளைவது. சிறுபோகம் குளத்துத் தண்ணீரை நம்பியது. எவ்வளவு நிலம் செய்யலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில்தான் முடிவாகும். யாருக்குப் பங்கு கிடைத்தது, யார் காணியைத் தரிசாக விட்டார் என்பதில்தான் கதையே இருக்கிறது. உங்கள் வரி அதைத் தாண்டி ஓடிவிட்டது.

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலும் அப்படித்தான். 'அம்மன் கோவிலில் உப்புநீரில் விளக்கு எரியும்' என்று முடித்தால், முள்ளியவளை ஆச்சி ஒருவர் விடமாட்டார். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுப்பதையும், அது முதலில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலுக்குப் போவதையும், அங்கே விளக்கு எரிவதையும், பிறகுதான் வற்றாப்பளை என்பதையும் சொல்லிவைப்பார். ஒரு வரி இரண்டு பந்தியாகிவிடும். குறை என்னவென்றால் நேரம். தேத்தண்ணி குடித்து, மழை பற்றிக் கதைத்து, சொந்தக்காரரின் கலியாணத்தை விசாரித்து, அப்புறம்தான் உங்கள் கட்டுரை.

செயலி நொடியில் திருத்தும். எழுத்துப் பிழைக்கு ஓரளவு உதவும், சரி. ஆனால் "மெருகூட்டித் தா" என்று கேட்டுவிடாதீர்கள். எங்கட பேச்சை மெல்ல உருவி எடுத்துவிட்டு, எந்த ஊர்க்காரரும் எழுதியிருக்கக்கூடிய ஒன்றைத் தரும். வாய்க்கால் பங்கு பற்றியும் அது கேட்காது.

ஒரு இடத்தில் மட்டும் வயல்காரரும் ஆச்சியும் சரிவரமாட்டார்கள். வன்னியில் எதை எழுதத் தொடங்கினாலும் அது 2009 இறுதிப் போருக்குப் போய்விடும். அதைக் கண்டவருக்கு நீங்கள் பாதி சொன்னாலே போதும், மீதியை அவரே நிரப்பிக்கொள்வார்; அதனால் எழுத்தில் இருக்கும் ஓட்டை அவருக்குத் தெரியாது. அவர் மனநிலை அறியாமல் வாசிப்பதும் நல்லதல்ல. அந்தப் பகுதியை அதற்குப் பிறகு பிறந்த ஒரு பிள்ளைக்கு வாசியுங்கள். "பங்கருக்குள்ள எப்பிடிச் சமைச்சனீங்கள்?" என்று கேட்கும். அதற்கான பதில் உங்கள் பிரதியில் இருக்காது. பிள்ளை சலித்துக் கைபேசியை எடுத்தால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வெட்டவேண்டியது பெரும்பாலும் அதற்கு ஒரு பந்தி முன்னால் இருக்கும்.