பழைய மலை வீட்டில் மரம், கல், சுண்ணாம்பு: பல மழைக்காலங்களுக்குப் பிறகு

மலை மேல் இருக்கும் பழைய கல் வீட்டைப் புதுப்பித்து, உள்ளே மரம், கல், சுண்ணாம்பு, கம்பளி என்று இயற்கைப் பொருட்களாகவே செய்துகொண்டோம். பல மழைக்காலங்கள் போய்விட்டன. வேலை முடிந்த புதிதில் எல்லாமே அழகாகத்தான் இருந்தது. எது தாங்கும், எது தாங்காது என்று இப்போதுதான் தைரியமாகச் சொல்ல முடிகிறது.

முதலில் சுவர். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் கல் சுவரின் உள்பக்கம் சிமெண்ட் பூசி, மேலே எமல்ஷன் அடித்திருந்தார்கள். இடுப்பு உயரம் வரை பெயிண்ட் கொப்புளித்திருந்தது. விரல் பட்டாலே வெள்ளை உப்பு மாவாக உதிரும். கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக ஆவியாகி வெளியேற வேண்டும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டால் ஈரம் இன்னும் மேலே ஏறும், அல்லது பூச்சையே தள்ளிக்கொண்டு வரும். வெளியே மலைச்சரிவு மண் வேறு சுவரை ஒட்டி, உள்தரையைவிட உயரமாக மேடு தட்டியிருந்தது. அந்த மண்ணை வெட்டி இறக்கி, மழைத்தண்ணீர் விலகி ஓட வாய்க்கால் எடுத்தோம். பிறகுதான் சிமெண்ட்டைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சு பூசினோம்.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் மெல்ல இறுகும். அவசரப்படுத்த முடியாது, கொத்தனாரையும் அவசரப்படுத்தக் கூடாது. பொறுத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது: அடைமழையிலும் இப்போது அந்த ஓத வாடை இல்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது கரணை போன தடம் சுவரில் மெல்லிய அலையாகத் தெரியும். எந்த வால்பேப்பரும் இதைத் தராது. ஒரே குறை, சாய்ந்து உட்கார்ந்தால் கறுப்புச் சட்டையில் கொஞ்சம் வெள்ளை ஒட்டும்.

பீரோ, கட்டில் எதையும் வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் குளிர்ந்த இடத்தில் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும். குளிர் இரவில் பீரோவின் பின்பக்கம் அந்த அளவுக்குப் போவது மிகச் சாதாரணம், அப்புறம் பூஞ்சைதான். நான்கு விரல் இடைவெளி விட்டால் காற்று புகுந்துவிடும்.

மூங்கில் விஷயத்தில் கறாராக இருங்கள். பதப்படுத்தாத மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்கு வண்டு கட்டாயம் வரும். மூங்கில் தடுப்புக்குக் கீழே தினமும் மஞ்சள் நிறத்தில் மாவு போன்ற தூள் உதிர்ந்து கிடந்தால், உள்ளே வண்டு அரிக்கிறது என்று அர்த்தம். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்த மூங்கில் எங்கள் வீட்டில் இன்றும் திடமாக நிற்கிறது.

பெரிய கண்ணாடி ஜன்னல் வைப்பவர்கள் துணியையும் யோசிக்க வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். இலை, வேர்ச் சாயம் ஏற்றிய திரை ஜன்னல் பக்கம் சீக்கிரம் வெளிறிவிட்டது. சாயமே ஏற்றாத, ஆட்டின் இயல்பான பழுப்பிலேயே விட்ட கம்பளி அப்படியே இருக்கிறது.

மரத்தரை எனக்கு ரொம்பப் பிடித்தது. பலகை நீளத்தில் அநேகமாக மாறாது. அகலத்தில்தான் ஈரத்துக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும். வறண்ட குளிரில் பலகைகளுக்கு நடுவே நாணயம் நுழையும் அளவு இடைவெளி தெரியும், மழை பிடித்ததும் மூடிக்கொள்ளும். அதை மக்கு வைத்து அடைக்க வேண்டாம். உப்பும்போது பலகை தூக்கிக்கொள்ளும். வாங்கிய பலகையை அதே வீட்டுக்குள் சில வாரம் அடுக்கி வைத்துப் பழக்கிய பிறகு பதிப்பது நல்லது.

மேல்பூச்சுக்கு வார்னிஷைவிட ஆளிவிதை எண்ணெய்க்குத்தான் என் ஓட்டு. வார்னிஷ் ஓரிடத்தில் உரிந்தால் முழுப் பரப்பையும் தேய்க்க வேண்டும். எண்ணெய் போட்ட தரையில் தேய்ந்த இடத்தை மட்டும் லேசாக உப்புத்தாள் போட்டு, மறுபடி எண்ணெய் தடவித் துடைத்தால் சரி. துடைத்த துணியை மட்டும் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், குவியலாக இருந்தால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போட்டு, விறைப்பான பிறகு அப்புறப்படுத்துங்கள்.