வராத பார்சலும் திரும்பி வந்த பணமும்: கடலூரிலிருந்து ஆறு வருட அனுபவம்

ஆறு வருடமாக ஆன்லைனில்தான் பெரும்பாலும் பொருள் வாங்குகிறேன். மூன்று முறை எங்கள் குடும்பத்தில் பணம் போய்ப் பொருள் வரவில்லை. இரண்டு முறை முழுப் பணமும் திரும்பி வந்தது, ஒரு முறை வரவில்லை. எந்த வழி வேலை செய்தது, எது வெறும் அலைச்சல் என்று எழுதிவைக்கிறேன்.

பெரிய அனுபவம் 2024 டிசம்பரில். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தது. எங்கள் வீடு மஞ்சக்குப்பத்துக்கு வடக்கே, ஆற்றுப் பக்கம். டிசம்பர் 2 அன்று தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கரண்ட் இல்லை. அம்மாவுக்காக 5,499 ரூபாய்க்கு வாங்கிய மிக்சி, அதே நாள் மதியம் 'வாடிக்கையாளரிடம் நேரில் ஒப்படைக்கப்பட்டது' என்று டிராக்கிங்கில் ஏறியிருந்தது. பால்காரரே வராத நாள் அது.

தண்ணீர் வடிந்ததும் 4ஆம் தேதி கஸ்டமர் கேருக்கு போன் செய்தேன். பேசியவர்கள் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். '48 மணி நேரம் பொறுங்கள்' என்றார்கள். மறுபடி அழைத்தால் வேறொருவர் எடுப்பார், நான் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். மூன்றாவது முறை கேட்டபோது, 'டெலிவரி ஆனதாக இருப்பதால் புகாரை முடித்துவிட்டோம்' என்று பதில். அந்தப் பேச்சில் ஒரு வரிகூட என் கையில் எழுத்தாக இல்லை. அங்கேதான் ஆறு நாள் வீணானது.

அப்புறம்தான் அந்தத் தளத்தின் அடிப்பக்கத்தில் குறைதீர் அதிகாரியின் பெயரும் மின்னஞ்சலும் இருப்பதைக் கவனித்தேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இப்படி ஓர் அதிகாரியை வைத்தே ஆக வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். சுருக்கமாக ஒரு மெயில் எழுதினேன். ஆர்டர் எண், தொகை, பணம் போனதற்கு அடையாளமான யுபிஐயின் 12 இலக்க யுடிஆர் எண், டிராக்கிங் ஸ்கிரீன்ஷாட், அன்றைக்கு மாடியிலிருந்து எடுத்த தெருவின் போட்டோ. கடைசியில் இரண்டு கேள்விகள்: யாரிடம் ஒப்படைத்தீர்கள்? அதற்கு ஓடிபியோ கையெழுத்தோ போட்டோவோ என்ன இருக்கிறது?

அதே நாள் 1915க்கும் அழைத்தேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. புகாரைப் பதிந்து ஒரு எண் தருகிறார்கள். அது நீதிமன்றம் இல்லை, உத்தரவு போட மாட்டார்கள். புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்குகிறார்கள். ஆனால் அந்த எண் கையில் இருந்தபிறகு கம்பெனி பேசும் விதமே மாறியது. மறுநாள் ஒப்புதல் மெயில் வந்தது. நான்கு நாள் கழித்து ஒரு போட்டோ அனுப்பினார்கள், நீலக் கேட் போட்ட யாரோ ஒருவர் வீடு. எங்கள் வாசலின் போட்டோவை உடனே திருப்பி அனுப்பினேன். டிசம்பர் 26 அன்று பணம் கணக்கில் ஏறியது. அந்தப் பகுதிக்கு வரும் கூரியர் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். வெள்ளத்தில் வண்டியே ஓட்ட முடியாத நாளில் அவர் கணக்கை யார் எப்படி முடித்தார்களோ.

2022இல் நடந்தது வேறு மாதிரி. ஒரு சிறிய தளத்தில் கிரெடிட் கார்டில் நாற்காலி வாங்கினேன். ஐந்து வாரம் ஆகியும் அனுப்பவே இல்லை, மெயிலுக்குப் பதிலும் இல்லை. கார்டு கொடுத்த வங்கியில் 'பொருள் வரவில்லை' என்று டிஸ்ப்யூட், அதாவது பணத்தைத் திருப்பக் கேட்கும் மறுப்பு, போட்டேன். பொதுவாக விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்கு 120 நாள் வரை இடம் உண்டு, ஆனால் வங்கி அதைவிடச் சீக்கிரம் கேட்கலாம், அதனால் தள்ளிப்போடக் கூடாது. விற்றவர் பதிலே தராததால் பணம் எனக்கே திரும்பி வந்தது. வங்கியும் 30 நாளில் பதில் தராவிட்டால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. முன்பணம் கட்டியே ஆக வேண்டிய புதுக் கடை என்றால் அன்றிலிருந்து கார்டுதான்.

மூன்றாவது, புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் அக்காவுடையது. இன்ஸ்டாகிராமில் புடவை பார்த்து 1,850 ரூபாயை ஒரு தனிநபரின் யுபிஐக்கு அனுப்பிவிட்டாள். மறுநாளே அந்த எண் அவளை பிளாக் செய்துவிட்டது. அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் மனசுக்குக் கஷ்டம். இது தாமதம் இல்லை, மோசடி. இதற்கு 1915 இல்லை, சைபர் குற்ற உதவி எண் 1930. உடனே சொன்னால் பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. இரண்டு வாரம் கழித்துச் சொன்னபோது அந்தக் கணக்கில் ஒன்றுமே இல்லை. அந்தப் பதற்றத்தில் அவள் கூகுளில் ஒரு 'கஸ்டமர் கேர்' எண்ணைத் தேடி அழைத்திருக்கிறாள், அவர்கள் ரீஃபண்ட் தருவதாகச் சொல்லி பின் நம்பர் போடச் சொன்னார்கள். நல்லவேளை, அங்கே நிறுத்திக்கொண்டாள். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை.

'ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம்' என்று சொல்லியும் கணக்கில் வராவிட்டால், அவர்களிடம் அந்த ரீஃபண்டின் குறிப்பு எண்ணைக் கேளுங்கள். கார்டு என்றால் ஏஆர்என், யுபிஐ என்றால் யுடிஆர். அதைக் காட்டினால் வங்கியில் தேடித் தருவார்கள், அது இல்லாமல் போனால் கவுன்டருக்குக் கவுன்டர் அலைய வேண்டியதுதான்.

இதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடலூர்க்காரருக்குக் கடலூர்தான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மிக்சிக்காக அந்த மனுவைக்கூட எழுதி வைத்திருந்தேன்.

இப்போது பார்சல் கைக்கு வராமல் ஓடிபியைச் சொல்வதில்லை, 'நாளைக்கு மாற்றிப் போடத்தான்' என்று போனில் கேட்டாலும் சரி. விலை கூடிய பொருளைப் பிரிக்கும்போது அம்மா வீடியோ எடுக்கிறார். அக்காவின் 1930 புகார் எண் என் போனில் இருக்கிறது. மாதம் ஒரு முறை அதன் நிலையைத் திறந்து பார்த்து அவளுக்குச் சொல்கிறேன்.