சொக்கட் பொருந்தினா சென்சரும் பொருந்தும் எண்டில்லை

முல்லைத்தீவில இருக்கிற கூட்டாளி படம் இரண்டு அனுப்பியிருக்கிறான். ஒண்டில அவன்ர காரின்ர பிழையை வாசிச்ச ஸ்கானர். மற்றதில மட்டைப் பெட்டிக்குள்ள ஒரு ஒக்சிஜன் சென்சர், அதாவது புகையில மிஞ்சிற ஒக்சிஜனைப் பாத்து காரின்ர கம்பியூட்டருக்குச் சொல்லுற சாமான். டென்சோ கம்பனிச் சென்சரின்ர விலையில மூண்டில ஒரு பங்குதானாம். "மச்சான், வயர் கொழுவுற சொக்கட் அச்சொட்டா இருக்கு, வாங்கிப் பூட்டட்டோ?" எண்டு கேக்கிறான். இந்தச் சொக்கட் கதையைக் கேட்டாலே எனக்குக் கோவம் வருது. அவனுக்கு மட்டும் சொல்லாமல் எல்லாருக்குமா எழுதுறன்.

என்ர கார் ரீகண்டிஷனா வந்த டொயோட்டா. எஞ்சின் லைற் எரிய, ஸ்கானரில பி0135 எண்ட பிழைக் கோட் காட்டினது. முதலாவது சென்சரைச் சூடாக்கிற ஹீற்றர் பிழை, அதாவது புகையைச் சுத்தமாக்கிற கற்றலிக்குக்கு முன்னுக்கு இருக்கிற சென்சர். பாட்ஸ் கடையில ஒண்டைத் தந்தினம். நாலு வயர், அதே சொக்கட், மரையும் அதேதான். கராச்சில பூட்டி, அந்தப் பிழைக் கோட்டை ஸ்கானரால அழிச்சு விட்டாச்சு. பரந்தன் தாண்ட முதலே லைற் திரும்ப எரிஞ்சுது. ஐடிலிலயும் எஞ்சின் ஒரு நிலையா நிக்கேல்ல.

கடையில தந்தது சாதாரண ஒக்சிஜன் சென்சர். என்ர காருக்கு முன்னுக்கு வேணுமெண்டது ஏர்-பியூவல் சென்சர். பாத்தா இரண்டும் இரட்டைப் பிள்ளையள் மாதிரி. ஆனா வேலை வேற. சாதாரண சென்சர் காத்துக் கூடவோ பெற்றோல் கூடவோ எண்டதை மட்டும் சொல்லும். பெற்றோல் ஒரு பங்குக்குக் காத்து 14.7 பங்கு எண்ட அளவைச் சுத்தி 0.1 வோல்ற்றுக்கும் 0.9 வோல்ற்றுக்கும் இடையில பாயும். ஏர்-பியூவல் சென்சர் எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு எண்டதையும் சேத்துச் சொல்லும். அதால அது கூடச் சூட்டில வேலை செய்யோணும், ஹீற்றரும் பெலத்தது. ஒண்டு இருக்கிற இடத்தில மற்றதைப் பூட்டினா கம்பியூட்டருக்கு ஹீற்றரும் பிழை, கணக்கும் பிழை.

இதைக் கடை மேசையிலயே பிடிக்கலாம். சென்சரில ஒரே நிறத்தில வாற இரண்டு வயரும்தான் பெரும்பாலும் ஹீற்றர். அதில மல்ரி மீற்றரை வச்சுப் பாருங்கோ. டொயோட்டாவில சாதாரண சென்சர் ஆறி இருக்கேக்க 11 முதல் 16 ஓம் வரைக்கும் காட்டும். ஏர்-பியூவல் எண்டா 1.8 முதல் 3.4 ஓம். இவ்வளவு வித்தியாசம் இருக்க, சொக்கட்டைப் பாத்துப் பொருள் குடுக்கிறதை என்னெண்டு ஏற்றுக்கொள்ளுறது? டொயோட்டா நம்பரிலயே பெரும்பாலும் விளங்கும்: 89467 எண்டு தொடங்கினா ஏர்-பியூவல், 89465 எண்டா சாதாரணம். மிச்ச ஐஞ்சு இலக்கமும் பொருந்தோணும். கார்ப் பேரைச் சொல்லிக் கேக்காதேங்கோ, ஒரே பேரில வேற வேற எஞ்சின் வந்திருக்கு. சேஸி நம்பரைக் குடுத்துக் கேளுங்கோ, இல்லாட்டிப் பழைய சென்சரைக் கழட்டி அதில அடிச்சிருக்கிற நம்பரைப் படம் எடுங்கோ.

நியாயமாச் சொல்லோணும், அந்தக் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் பொருளைத் திருப்பி எடுத்துக் காசையும் முழுசாத் தந்தவர். கராச் அண்ணையிலயும் எனக்குக் குறையில்லை. அவர் சண்டைக்குள்ள பெற்றோல் தடையா இருந்த காலத்தில மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணையில ஓடவச்சுத் தொழில் பழகின மனிசன். சத்தத்தையும் புகையையும் வச்சே பிழை சொல்லுவார். சென்சரின்ர பிழை காதுக்குக் கேக்காது, அதுதான் சிக்கல்.

பிறகு கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாட்ஸ் கடையில இருந்து நம்பர் சொல்லி எடுப்பிச்ச டென்சோவைப் பற்றி: குறை சொல்ல ஒண்டுமில்லை. பூட்டின நாளில இருந்து லைற் எரியேல்ல. மாங்குளத்தால ஒட்டுசுட்டான் பக்கம் போய், அங்கால கிரவல் றோட்டுகளில புழுதியும் மாரித் தண்ணியும் கண்டும் அப்பிடியே நிக்குது. ஸ்கானரில பாத்தா, இந்த ஏர்-பியூவல் சென்சருக்குச் சரியான அளவான 3.3 வோல்ற்றைச் சுத்தியே கோடு போகுது. நான் எதிர்பாராத சந்தோசம் ஸ்பாக் பிளக்கில. முந்திக் கழட்டினா கையில கரி ஒட்டும். இப்ப நுனி மெல்லிய மண்ணிறமா, காய்ஞ்சு, சுத்தமா இருக்குது. காலமை ஸ்ராட் பண்ணேக்க பின்னால வந்த பெற்றோல் மணமும் இல்லை. 2022 இல கியூஆர் கோட்டுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் எண்டு அளந்து தந்த காலத்தைக் கண்ட எங்களுக்கு, ஒரு லீற்றர் மிஞ்சினாலும் அது பெரிய விசயம்.

பூட்டிறதைப் பற்றி இரண்டு சொல்லு. வயர் போக வழி வெட்டின 22 மில்லிமீற்றர் சொக்கட் சாவி வேணும். எஞ்சின் இளஞ்சூட்டில இருக்கேக்கதான் பழசு அசையும். புதுசின்ர மரையில, அது இறுகிப் பிடிக்காமல் இருக்கக் கம்பனியே பசை தடவி விடும், மேல கிறீஸ் பூசப்படாது. நுனியில கை படவே கூடாது. வயரை வெட்டி முறுக்கி இணைக்கிற 'யூனிவர்சல்' சாமானை நான் காரில ஏத்தமாட்டன். சில சென்சர் வயருக்குள்ளாலதான் வெளிக்காத்தை எடுக்கும், அந்த இணைப்பில ஈரம் போனாலே வாசிப்புப் பிழைக்கும்.

இனி கூட்டாளிக்கு. இவ்வளவு புகழ்ந்துபோட்டு இதைச் சொல்லுறன்: டென்சோவையும் இப்ப வாங்காத. உன்ர ஸ்கானர் படத்தில இருக்கிறது பி0171. அது காத்துக் கூட எண்டு சென்சர் சொல்லுற முறைப்பாடு, சென்சர் பழுது எண்ட அர்த்தமில்லை. எஞ்சினுக்குக் காத்துப் போற இன்ரேக் குழாயில வெடிப்பு இருக்கோ, அந்தக் காத்தை அளக்கிற ஏர் புளோ மீற்றரில புழுதி படிஞ்சிருக்கோ, பெற்றோல் பம்பின்ர அழுத்தம் காணுமோ எண்டதை முதல்ல பார். கற்றலிக் சரியா வேலை செய்யேல்ல எண்ட பி0420 வந்தாலும், உடன கற்றலிக்குக்குப் பின்னால இருக்கிற சென்சரில கை வைக்காத, அந்தச் சென்சர் கற்றலிக்கின்ர நிலையைப் பாத்துச் சொல்லுற காவல்காரன். பெற்றோலை அளந்து விடுறது முக்கியமா முன் சென்சரை வச்சுத்தான்.

அந்தக் கடை காசைத் திருப்பித் தந்தது உண்மை. எண்டாலும் நான் இப்ப பிரேக் பாட்சுக்கும் அங்க போகாமல் வவுனியாவுக்குத்தான் போறன்.