கம்ப்யூட்டர் லாகின் ஆகலன்னு கடைக்குக் கொடுத்தேன், 8,500 ரூபாயும் போச்சு, அப்பா நாதஸ்வர வாசிப்பும் போச்சு

நேத்து ராத்திரி முழுக்க தூங்கல, வயிறு எரியுது, அதனால எழுதிடுறேன். மன்னார்குடி பக்கம் கிராமம் எங்களுது. டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைல 8,500 ரூபா கொடுத்துட்டு வெறும் டப்பாவ தூக்கிட்டு வந்திருக்கேன். கடைப் பேரு போடல. ஆனா இது மாதிரி கடை எல்லா ஊர்லயும் இருக்கு, அதனால படிங்க, கடைசில என்னென்ன செய்யணும்னு விவரமா சொல்றேன்.

போன வியாழக்கிழமை ராத்திரி சிஸ்டம் ஏதோ அப்டேட் ஆயிட்டு இருந்துச்சு. வெள்ளிக்கிழமை காலைல போட்டா, எப்பவும் பின் நம்பர் கேக்குற இடத்துல நீலமா ஒரு ஸ்கிரீன், பிட்லாக்கர் ரெக்கவரி கீ போடுன்னு கேக்குது. நாலு நம்பர் பின்ன போட்டா ஏத்துக்கல, பொண்ணோட பாஸ்வேர்ட போட்டாலும் ஏத்துக்கல. சரி கடைக்காரருக்குக் காட்டுவோம்னு போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன். அந்த போட்டோதான் இப்ப என்ன அறுக்குது.

சிபியுவ துண்டுல சுத்தி டிவிஎஸ் வண்டில கட்டி எடுத்துட்டுப் போனேன். கடைக்காரர் போட்டோவ பாத்ததுமே 'வைரஸ் பூட்டு போட்டிருச்சுண்ணே, லாகினே ஆகாது, ஓஎஸ் மாத்தணும், விண்டோஸ புதுசா போடணும்'னாரு. நான் சொன்னேன், தம்பி, சிஸ்டம் போனா போகட்டும், உள்ள எங்க அப்பா நாதஸ்வரம் வாசிச்சது இருக்கு, அது மட்டும் போயிடக் கூடாதுன்னு. அப்பா இப்ப இல்ல. மன்னார்குடி கோயில் வெண்ணெய்த்தாழி திருவிழா அன்னிக்கு வாசிச்சது, திருவாரூர் ஆழித்தேருக்கு வாசிச்ச மல்லாரி (சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிறது), எல்லாம் கேசட்ல இருந்துச்சு. அத ஒருத்தர் மூலமா கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருந்தோம். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப ஓடு பறந்து மழை உள்ள இறங்கி கேசட் பெட்டி மொத்தமும் ஊறிப் போச்சு. அப்புறம் இருந்தது கம்ப்யூட்டர்ல இருந்தது மட்டும்தான், புது சிஸ்டம் வாங்குனப்ப அதுக்கும் மாத்தி வச்சோம்.

இதெல்லாம் சொன்னதும் அவரு எழுந்து நின்னு 'அண்ணே, அவரு பையனா நீங்க, நான் சின்னப் புள்ளைல கோயில்ல அவரு வாசிப்பு கேட்டிருக்கேன், ஒரு பைல் போகாம எடுத்துத் தரேன், என்ன நம்புங்க'ன்னாரு. அந்த ஒரு வார்த்தைல விழுந்துட்டேன். செக்கிங் 500, ஓஎஸ் 2,000, டேட்டா ரெக்கவரி 6,000, மொத்தம் 8,500. பேரமே பேசாம அங்கயே ஜிபேல அனுப்பினேன், பில்லும் கேக்கல. அப்பா பேரச் சொன்ன மனுசன்கிட்ட பில்லு கேக்க வாய் வரல.

செவ்வாய்க்கிழமை வாங்கிட்டு வந்து போட்டா லாகின் ஆகுது. டெஸ்க்டாப்ல ரெக்கவரின்னு ஒரு ஃபோல்டர், திறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல. சரி வேற எங்கயாவது வச்சிருப்பாருன்னு பொண்ணு எல்லா டிரைவும் தேடுனா. இல்ல.

போன் பண்ணா 'காப்பி பண்றப்ப விட்டுப் போயிருக்கும்ணே, பாத்துட்டு சொல்றேன்'னாரு. மறுபடி பண்ணா வேற பையன் எடுத்து 'ஓனர் தஞ்சாவூர் போயிருக்காரு'ன்றான். நேர்ல போனேன், முதல்ல அண்ணே அண்ணேன்னவரு இப்ப 'சார்' ஆயிட்டாரு. 'சார், லாகின் ஆகலன்னுதான் கொடுத்தீங்க, இப்ப லாகின் ஆகுதுல்ல? டேட்டாவுக்கு நாங்க கேரண்டி கொடுக்கறதில்ல.' அப்ப அந்த 6,000 எதுக்கு வாங்குனீங்கன்னா, 'ட்ரை பண்ணதுக்கு'. வாட்ஸ்அப்ல அனுப்பினா ரெண்டு நீல டிக் விழுது, பதில் இல்ல.

நேத்து சாயந்திரம் திருச்சிலேர்ந்து அக்கா பையன் வந்தான், சாஃப்ட்வேர்ல இருக்கான். போட்டோவ பாத்துட்டு 'மாமா, இது வைரஸே இல்லையே'ன்னான். விண்டோஸ் 11ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ள போனா பல சிஸ்டத்துல டிஸ்க்க அதுவாவே பூட்டி வச்சிருக்குமாம், அந்தப் பூட்டுதான் பிட்லாக்கராம், பயாஸ் (சிஸ்டம் ஆன் ஆகும்போது முதல்ல ஓடுற புரோகிராம்) மாதிரி ஏதாவது மாறுனா யாரோ கை வச்சுட்டாங்கன்னு சந்தேகப்பட்டு சாவி கேக்குமாம். அந்த சாவி 48 நம்பர், அதுவும் நம்ம மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லயே இருக்குமாம். என் போன்லயே பொண்ணோட மெயில் ஐடி போட்டுத் திறந்தான். இருக்கு. ஆறு ஆறு நம்பரா எட்டு கட்டு. பக்கத்துல கீ ஐடின்னு எட்டு எழுத்து, என் போட்டோல இருக்குற கீ ஐடியும் அதுவும் ஒரு எழுத்து பிசகாம ஒண்ணு. அந்த 48 நம்பர டைப் பண்ணியிருந்தா அஞ்சு நிமிசத்துல எல்லாம் அப்படியே திறந்திருக்கும், ஒரு பைசா செலவில்ல. கடைக்காரர் ஓஎஸ் மாத்துறப்ப ஃபார்மட் அடிச்சு பழச அழிச்சதால இப்ப அந்த சாவிக்குப் பூட்டே இல்ல, எந்த ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டாலும் குப்பைதான் வரும்னு சொல்லிட்டான். என் பொண்டாட்டி அடுப்படில நின்னு அழுதா. கடைக்காரர் உங்க மெயில் ஐடி என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். கேக்கல. தெரியாம பண்ணாரா தெரிஞ்சே பண்ணாரா, எப்படி இருந்தாலும் 8,500 வாங்கியிருக்காருல்ல.

விவரமா எழுதணும்னு நெனச்சேன், கை ஓடல. முக்கியமானது மட்டும்: நீல ஸ்கிரீன் வந்தா ஃபார்மட்னு சொல்ற ஆள்கிட்ட கொடுக்காதீங்க, முதல்ல போன்ல உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல சாவி இருக்கான்னு பாருங்க, வீட்ல யார் யார் மெயில் போட்டிருக்கீங்களோ எல்லாத்துலயும் பாருங்க. இன்னிக்கே அந்த 48 நம்பர பேப்பர்ல எழுதி வைங்க. சாதா பின் ஏறலன்னா கீபோர்டுல நம்லாக் லைட்டு எரியுதான்னு பாருங்க. முக்கியமான பைல பென்டிரைவ்ல தனியா வைங்க. பில் இல்லாம காசு கொடுக்காதீங்க. நான் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல சொல்லப் போறேன், ஜிபே ரசீது ஒண்ணுதான் கைல இருக்கு.

8,500 ரூபா திரும்ப வரலன்னாலும் பரவால்ல. திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் யார் வீட்லயாவது பழைய திருவிழா நாதஸ்வர கேசட் பரண்ல கிடந்தா தூக்கிப் போடாதீங்க, எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, நானே வந்து கேட்டுப் பாக்குறேன். அப்பா வாசிப்பு எனக்கு ரெண்டு நிமிசத்துல தெரிஞ்சிடும்.