சிரிப்பான்களின் வம்சாவளி: ஒரு மரபணு போதுமா, முழுத் தொகுதியும் வேண்டுமா?

கோத்தகிரிச் சோலையோரம் கத்தும் சிரிப்பானுக்கும் கொடைக்கானலில் கத்தும் சிரிப்பானுக்கும் என்ன உறவு? நடுவே பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கிலோமீட்டர் அகலம். மலையுச்சிக் குளிரை விட்டு இறங்காத பறவைக்கு அது கடல்தான். இரண்டும் உடன்பிறப்பா, ஒன்றுவிட்ட உறவா என்பதற்கு டிஎன்ஏவில் பதில் உண்டு. அதில் எவ்வளவைப் படிப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

கைக்கு அடக்கமான வழி, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஒரே ஒரு மரபணு. டிஎன்ஏவின் 650 எழுத்து போலப் படித்தால் போதும். ஒரு செல்லிலேயே இதற்கு நிறைய நகல்கள் இருப்பதால், அருங்காட்சியகத்தில் கிடக்கும் பழைய பறவையின் கால்விரல் தோல் துணுக்கிலிருந்துகூட எடுக்கலாம். ஆனால் இது தாய்வழியாக மட்டுமே வருவது. அம்மா, அம்மாச்சி, அவருடைய அம்மா என்று ஒரே கோட்டில் போய்க் குடும்ப வரலாறு எழுதினால், தாத்தாக்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று அதில் தெரியாது. முன்னொரு காலத்தில் இரண்டு இனங்கள் கலந்திருந்தால், ஒன்றின் மைட்டோகாண்ட்ரியா மற்றதில் குடியேறி நம்மை முழுதாக ஏமாற்றிவிடும்.

எதிர்முனையில் முழு மரபணுத்தொகுதி, அதாவது ஓர் உயிரின் டிஎன்ஏ மொத்தமும். ஒரு பறவைக்கு 100 கோடி எழுத்துக்கு மேல். இவ்வளவு எதற்கு? ஒரு பாகப்பிரிவினையை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டியிடம் இரண்டு தினுசு வளையல்கள். மூத்த மகள் முதலில் தனிக்குடித்தனம் போகிறாள். மற்ற இருவரும் கொஞ்ச காலம் சேர்ந்திருந்து பிரிகிறார்கள். வளையல் யாருக்கு எது என்பது அதிர்ஷ்டம். மூத்தவளிடமும் கடைசி மகளிடமும் ஒரே தினுசு இருந்தால், அவர்கள் இருவரும்தான் கடைசியாகப் பிரிந்தார்கள் என்று தப்புக்கணக்குப் போடுவோம். மரபணுக்களிலும் இதே கதை. நமக்கு மிக நெருங்கிய உறவு சிம்பன்சிதான். ஆனாலும் கொரில்லாவின் தொகுதியில் ஏறக்குறைய 30 சதவீதம் அந்த உறவுமுறையோடு ஒத்துப்போவதில்லை. ஒன்றிரண்டு வளையலை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது, ஆயிரக்கணக்கில் பார்க்க வேண்டும் என்பதே முழுத்தொகுதியின் பலம்.

அதற்காக அளவை மட்டும் நம்பிவிட முடியாது. எல்லா எழுத்தையும் ஒரே சரமாகக் கோத்து, யார் யாரிடமிருந்து பிரிந்தார்கள் என்று காட்டும் வம்சாவளி மரம் வரைந்தால், தவறான கிளைக்கும் கணினி 100 சதவீத உறுதி காட்டக்கூடும். ஒவ்வொரு மரபணுவுக்கும் தனி மரம் வரைந்து, அவற்றிலிருந்து இன மரத்தைக் கணிப்பதே நேர்மையான முறை என்று நான் நினைக்கிறேன். கெடாத மாதிரியும் குளிர்பதனமும் பெரிய கணினியும் வேறு வேண்டும்.

நடுவழி, தாய்வழி மரபணுக்களோடு, செல்லின் உட்கருவில் இருக்கும், தாய் தந்தை இருவழியிலும் வரும் மரபணுக்கள் சிலவும். நம் மலைகளின் பெரிய செய்திகள் இந்த வழியில் வந்தவை. வெள்ளாட்டுச் சாயலில் இருக்கும் வரையாடு உண்மையில் செம்மறிக்கு நெருக்கம் என்று 2005இல் தெரிந்தது இப்படித்தான். இமயமலைத் தார் என்ற காட்டாட்டோடு சேர்ந்திருந்த பழைய பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுப்பை) விட்டு அது நீலகிரிட்ராகஸ் ஆனது. 2017இல் வி.வி. ராபினும் சக ஆய்வாளர்களும் சோலைப் பறவைகளுக்கு இரண்டு புதிய பேரினங்களை அறிவித்தார்கள். சோலைத் தரையில் இரை தேடும் நீலப் பறவைகளுக்கு ஷோலிகோலா. நம் ‘சோலை’யே அந்தப் பெயரில் இருப்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. சிரிப்பான்களுக்கு மான்டிசிங்க்ளா. அதில் நான்கு இனங்கள்: பாணாசுர மலை, நீலகிரி, பழனி, அகத்தியமலைப் பக்கம்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ படிக்கும் மாணவர் கேட்டால், நடுவழியில் தொடங்கச் சொல்வேன். கையிருப்புப் பணத்தை எழுத்துகளில் கொட்டாமல் மலைகளில் செலவிட வேண்டும். வனத்துறை அனுமதி, வலை, இறக்கை நரம்பிலிருந்து ஒரு துளி ரத்தம், பறவையைப் பத்திரமாகப் பறக்கவிடுவது. கணவாய்க்கு ஒரு பக்கத்துப் பறவைகளை மட்டும் எடுத்து 100 கோடி எழுத்தைப் படித்தாலும், மறுபக்கத்து உறவு அதில் எப்படித் தெரியும்? அடுத்தடுத்துச் சட்டெனப் பிரிந்த கிளைகளின் வரிசை குழம்பும்போதும், பிரிந்த பிறகும் கலப்பு நடந்ததா என்று கேட்கும்போதும் முழுத்தொகுதிக்குப் போகலாம். அப்போதும் அதே ரத்தத் துளிகள் உதவும், முதல் நாளிலிருந்தே உறைகுளிரில் வைத்திருந்தால்.