டெக்சஸ் ஹோல்டெம் போக்கர்ல ஏஸ் ஜோடி வந்தா ரெய்ஸா (பந்தயத்த ஏத்துறது), லிம்ப்பா (ஏத்தாம குறைஞ்ச பந்தயம் மட்டும் கட்டுறது)?

ரெண்டு ஏஸ் கையில வர்றதே 221 தடவைக்கு ஒருக்கா தான், ரெய்ஸ் பண்ணா எல்லாரும் ஓடிருவாங்களேன்னு பயந்து சும்மா கால் பண்ணி, அதாவது லிம்ப் பண்ணி பதுங்குறவங்க நிறைய பேரு.

ஜெயிக்கிற வாய்ப்பு: ரெய்ஸ் பண்ணி ஒருத்தர மட்டும் உள்ள விட்டா சுமார் 85%. பதுங்கி அஞ்சு பேர விட்டா 50%கூட தேறாது.

பாட் (நடுவுல சேர்ற மொத்தப் பந்தயப் பணம்): ரெய்ஸ்ல ஆரம்பத்துலயே ஏறும். பதுங்குனா பெரும்பாலும் சில்லறை.

கணிக்கிறது: ஃப்ளாப்ல (மேசையில திறக்குற முதல் மூணு பொதுச் சீட்டு) 9-8-7 விழுந்து எதிராளி ஆல்-இன் (கையில உள்ள மொத்தப் பணமும்) போட்டா, ரெய்ஸ் பண்ணவருக்கு அவர் கிட்ட என்ன இருக்கும்னு ஓரளவு கணக்கு இருக்கும், ஆனா பதுங்குனா, ப்ளைண்ட்ல (சீட்டு பார்க்குமுன்னயே கட்டுற கட்டாயப் பந்தயம்) உக்காந்து ஓசியில ஃப்ளாப் பார்த்தவர் கிட்ட 6-5கூட இருந்து அஞ்சு சீட்டும் வரிசையா சேர்ந்திருக்கலாம்ங்க.

கிங் ஜோடியோட பதுங்குனா இன்னும் ஆபத்து, அத முந்த வைக்கிற ஏஸ் ஃப்ளாப்ல வர்றதே 23% பக்கம்.

உங்களுக்குப் பின்னாடி ஆடுறவங்கள்ல எதுக்கெடுத்தாலும் ரெய்ஸ் பண்ற ஆள் இருந்தா மட்டும் பதுங்குங்க, அவர் ஏத்துனதும் திரும்ப ஏத்துங்க. மத்தபடி பிக் ப்ளைண்ட் (ரெண்டு கட்டாயப் பந்தயத்துல பெருசு) மாதிரி மூணு மடங்கு, லிம்ப் பண்ண ஒவ்வொருத்தருக்கும் இன்னொரு பிக் ப்ளைண்ட் கூட்டி ரெய்ஸ் தான்.